வெள்ளிக்கிழமைத் தீர்ப்பும் நாலாவது பாட்டும்

கேள்வி: அக்கா, எனக்கு வயது 31. சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் இருக்கிறேன். பள்ளிக்கூடக் கூட்டாளிகள் ஒன்பது பேர் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம், பேச்சு முழுக்கப் பாட்டுதான். புது ஆல்பம் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆளாளுக்கு மார்க் போட்டுவிடுவார்கள். போன மாதம் ஒரு புதுப் படத்தின் பாடல்கள் வந்தன. வேலை முடிந்து ராஃபிள்ஸ் பிளேஸில் ரயில் ஏறி, வீடு வருவதற்குள் கேட்டு முடித்து, "ரெண்டு பாட்டு தேறும், மத்ததெல்லாம் பழைய சரக்கு" என்று போட்டேன். குழுவில் ஒருவன் அந்த இசையமைப்பாளரின் பரம ரசிகன். "உனக்குக் காதே கிடையாது" என்று எழுதிவிட்டுக் குழுவை விட்டே போய்விட்டான். இப்போது என்னவென்றால், அதே ஆல்பத்தின் நாலாவது பாட்டு என்னை விடமாட்டேன் என்கிறது. தினமும் கேட்கிறேன். கருத்து மாறிவிட்டது என்று சொன்னால் கிண்டல் செய்வார்கள். சொல்வதா, வேண்டாமா? இன்னொன்று, குழுவில் ஒரு நாளைக்கு இருபது லிங்க் வருகிறது, எல்லாமே "கட்டாயம் கேள்". எதைத்தான் கேட்பது?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் அண்ணன் ஞாபகம்தான் வந்தது. அவன் இளையராஜா பக்தன், ரசிகன் என்று சொன்னால் கோபித்துக்கொள்வான். 1986இல் ராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' ஆல்பம் வெளிவந்தது. அவன் கைக்குக் கேசட் வர அடுத்த வருடம் ஆகிவிட்டது. சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு சின்னக் கடையில், முதல் மாதச் சம்பளத்தில் வாங்கினான். வீட்டுக்கு வந்து போட்டால் வயலின். சரி, முன்னிசை கொஞ்சம் நீளம் போல என்று காத்திருந்தான். மறுபடியும் வயலின். ஒரு பக்கம் முடிந்து திருப்பிப் போட்டும் ஒருவரும் ஒரு வரி பாடவில்லை. மறுநாள் "குரல் பதிவாகல, கேசட்ல கோளாறு" என்று கடைக்கே தூக்கிக்கொண்டு போனான். கூடவே நானும் போனேன், எனக்கு அப்போது 12 வயது.

கடைக்காரர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் மனதில் நிற்கிறது. கேசட்டை வாங்கிக் கண்ணாடி மேசைமேல் வைத்து, "இது பாட்டு இல்லாத கேசட்டு தம்பி, தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையா போட்டிருக்காரு. ஒரு வாரம் வச்சிக் கேளு. அப்பவும் வேணாம்னா கொண்டா, வேற தர்றேன்" என்றார். "பாக் யாரு, புதுப் பாடகரா?" என்று, அந்தப் பழங்கால ஜெர்மன் இசைமேதையைப் பற்றி அண்ணன் கேட்டதைச் சொல்லி எங்கள் வீட்டில் இன்றைக்கும் சிரிக்கிறோம். அவன் அதைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. கொஞ்ச வருடத்தில் கேசட்டின் மேல் அச்சடித்திருந்த எழுத்தெல்லாம் விரல் பட்டே அழிந்துபோய், எது ஏ பக்கம் எது பி பக்கம் என்று போட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்றாகிவிட்டது.

அவர் ஒரு வாரம் கொடுத்தார். உங்கள் குழு ஒரு மணி நேரம் கொடுக்கிறது. நீங்களோ ராஃபிள்ஸ் பிளேஸிலிருந்து உட்லண்ட்ஸ் வரைக்கும்தான் கொடுத்தீர்கள்.

அந்த ரயிலைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பீஷான் வரைக்கும் சுரங்கம். அந்த இரைச்சலில் முதலில் அமுங்கிப்போவது பாட்டின் அடியில் ஓடுகிற கனத்த ஓசைதான், பேஸ் கிட்டார், மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம், தபேலாவின் கும்கி எல்லாம். நடுவில் அறிவிப்பு வேறு, அது போதாது என்று குழுவில் மற்ற எட்டுப் பேரும் மார்க் போடப் போட உங்கள் போன் டிங் டிங் என்று அடித்திருக்கும். ஆக, உங்கள் காதில் விழுந்தது மெட்டும் நாலு வார்த்தையும்தான். மெட்டை மட்டும் எடுத்துப் பார்த்தால் எந்த இசையமைப்பாளரும் பழைய சரக்காகத்தான் தெரிவார், ஏழு சுரத்துக்குள்தானே எல்லோரும் சுற்றுகிறார்கள். நாலாவது பாட்டு உங்களைப் பிடித்துக்கொண்டது ரயிலில் இருக்காது. வீட்டில், ராத்திரியில், போனைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்ட ஒரு நேரமாகத்தான் இருக்கும். பந்தயம் கட்டுகிறேன்.

தமிழ்ப் பாட்டுக்காரர்கள் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். 2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை, டெய்லர் ஸ்விஃப்ட்டின் புது ஆல்பம் வந்தது. நியூயார்க்கில் நள்ளிரவு, நமக்குச் சரியாகப் பகல் 12 மணி. முந்தின மாதம்தான் நம் தேசிய விளையாட்டரங்கில் ஆறு இரவு பாடிவிட்டுப் போயிருந்தார், ஊர் இன்னும் அந்த மயக்கத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண் சிக்கன் ரைஸ் தட்டோடு என் எதிரே உட்கார்ந்து காதில் மாட்டிக்கொண்டாள். 12.40க்குத் தீர்ப்பு வந்துவிட்டது: "ஓகேதான்க்கா, எல்லாம் ஒரே மாதிரி இருக்கு." வந்திருந்த 16 பாட்டையும் கேட்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2 மணிக்கு இன்னும் 15 பாட்டு வந்து விழுந்தது, மொத்தம் 31. மத்தியானம் முழுக்க அவள் பக்கமிருந்து சத்தமே இல்லை.

இந்த வெள்ளிக்கிழமைக் கூத்தே 2015 ஜூலையில்தான் ஆரம்பித்தது. அதற்கு முன்னால் இங்கிலாந்தில் திங்கள், அமெரிக்காவில் செவ்வாய் என்று நாட்டுக்கு ஒரு நாள் வைத்திருந்தார்கள். ஓர் ஊரில் வந்த பாட்டு இன்னோர் ஊரில் திருட்டுத்தனமாகப் பரவுகிறது என்றுதான் எல்லா இடத்துக்கும் ஒரே நாள் என்று மாற்றினார்கள். திருட்டு எவ்வளவு குறைந்ததோ, உலகம் முழுக்க ஒரே நேரத்தில் வாயைத் திறக்க ஆரம்பித்துவிட்டது.

நம் படப் பாட்டில் சங்கதி இன்னும் மோசம். ஆல்பம் ஆல்பமாகவே வருவதில்லை. ஃபர்ஸ்ட் சிங்கிள், செகண்ட் சிங்கிள் என்று சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். சென்னையில் மாலை 6 மணிக்கு என்று சொன்னால் நமக்கு ராத்திரி 8.30, சாப்பிட்ட தட்டு கழுவுகிற நேரம். ஆறு பாட்டும் சேர்ந்து வருகிற அன்றைக்கு மூன்று பாட்டு ஏற்கெனவே காது புளித்துப்போயிருக்கும், மற்ற மூன்று பச்சைக் காயாக இருக்கும். இரண்டையும் ஒரே தராசில் வைத்து "ரெண்டு தேறும்" என்கிறோம். நீங்கள் தேறும் என்று சொன்ன அந்த இரண்டும் முன்பே சிங்கிளாக வந்து நீங்கள் பலமுறை கேட்டவையா என்று பாருங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

இதில் 30 விநாடிக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 விநாடி ஓடினால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கில் ஏறும். அதனால் எடுத்த எடுப்பிலேயே ஆளைப் பிடித்துப்போடும்படி பாட்டு கட்டுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். கட்டட்டும், அது அவர்கள் பிழைப்பு. ஆனால் பல்லவி முடிந்ததும் அடுத்த பாட்டுக்குத் தாவுகிறவருக்கு இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வருகிற இடையிசை என்று ஒன்று இருப்பதே தெரியாமல் போகிறது. பாதி இசையமைப்பாளர்கள் தங்கள் ஆசையையெல்லாம் கொட்டி வைப்பது அங்கேதான்.

சரி, உங்கள் கூட்டாளி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பாட்டுக்காகக் குழுவை விட்டுப் போவது 31 வயதில் கொஞ்சம் ஓவர்தான், அதை நான் மறைக்கப்போவதில்லை. "காதே கிடையாது" என்பதும் ஒரு விமர்சனமில்லை, வசவு. ஆனால் அவருக்குச் சுட்டது எது என்று எனக்குப் புரிகிறது. "பிடிக்கவில்லை" என்று சொல்லியிருந்தால் அது உங்கள் காது, உங்கள் இஷ்டம். "பழைய சரக்கு" என்றால் அந்த இசையமைப்பாளர் ஏமாற்றுகிறார், அதுகூடத் தெரியாமல் நீ ரசிக்கிறாயே என்று அவரைப் பார்த்துச் சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது. பரம ரசிகருக்கு அந்தப் பாட்டெல்லாம் வெறும் பாட்டு இல்லை, தேர்வுக்குப் படித்த ராத்திரி, தேசிய சேவைக்குப் போன முதல் வாரம், யாரோ ஒரு பெண் பதில் போடாமல் விட்டது, எல்லாம் அதற்குள் கிடக்கும். அதற்காக யாரும் எதையும் குறை சொல்லக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன், பிறகு பேச என்ன இருக்கிறது? குறை சொல்லும்போது இடத்தைத் தொட்டுச் சொல்லுங்கள். "மூணாவது பாட்டு சரணம் எனக்கு அவரோட பழைய மெட்டு ஒண்ண ஞாபகப்படுத்துது, உனக்கு?" என்று கேட்டிருந்தால், அவர் அந்தப் பழைய மெட்டைத் தேடிப் பிடித்து, இல்லை என்று நிரூபிக்க ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார். சண்டைதான், ஆனால் நல்ல சண்டை.

கருத்து மாறியதைச் சொல்வதா என்றால், சொல்லுங்கள். குழுவில் போடாதீர்கள், அங்கே போட்டால் அது ஒரு மீம் ஆகிவிடும். அவருக்கு நேரே போன் செய்யுங்கள், செய்தி அனுப்பாதீர்கள். கோப்பிக் கடைக்குக் கூப்பிடுங்கள். மன்னிப்பு, விளக்கம் என்று நீட்டாமல், "நாலாவது பாட்டு என்னை விடமாட்டேங்குதுடா, உனக்கு அதுல எந்த இடம் புடிக்கும்?" என்று கேளுங்கள். ஒரு ரசிகரிடம் அதைக் கேட்டுவிட்டால் அப்புறம் உங்களுக்குப் பேச வேலை இருக்காது.

இந்த இடத்தில் ஒரு சின்னச் சந்தேகத்தையும் போட்டுவைக்கிறேன். ராபர்ட் ஜயான்ஸ் என்ற உளவியலாளர் 1968இலேயே எழுதிவிட்டார், எந்தப் பொருளையும் திரும்பத் திரும்பப் பார்த்தாலே கேட்டாலே மனசு அதன் பக்கம் சாய்ந்துவிடும் என்று. "ஸ்லோ பாய்சன், கேக்கக் கேக்கத்தான் புடிக்கும்" என்று ரஹ்மான் ரசிகர்கள் சொல்வதில் பாட்டின் பெருமை எவ்வளவு, பழக்கத்தின் வேலை எவ்வளவு என்பது நியாயமான கேள்வி. (ரஹ்மான் ரசிகர்கள் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம், நானும் அந்தக் கட்சிதான்.) நான் செய்வது இதுதான்: பிடித்துப்போன பாட்டைப் பத்து நாள் தொடமாட்டேன். மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போதோ அரிசி களையும்போதோ அதுவாக வாயில் வந்தால் அது நிற்கிற பாட்டு. பிடித்தது மறந்தே போனால், சும்மா பழகிப்போயிருந்தது, அவ்வளவுதான். தினமும் கேட்கிறேன் என்கிறீர்கள், கோப்பிக் கடைக்குப் போவதற்கு முன்னால் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள்.

இருபது லிங்க்குக்கு என்ன செய்வது? கேட்காதீர்கள். குற்ற உணர்ச்சியே வேண்டாம். ஒன்பது பேருக்கும் ஒரே லிங்க்கைத் தள்ளிவிடுவது பரிந்துரை இல்லை, நோட்டீஸ் விநியோகம். அந்தக் கடைக்காரர் அன்றைக்கு அண்ணனிடம் ஒரு வாரம் கேள் என்று சொன்ன கையோடு என் பக்கம் திரும்பி, "பாப்பா, நீ கேக்காத, தூங்கிடுவ" என்றார். நான் தூங்கத்தான் செய்தேன். ஒரே கேசட், இரண்டு பேருக்கு இரண்டு விதமாகச் சொன்னார். உங்கள் குழுவில் யாராவது "டேய், நீ நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வர்றப்ப இதப் போடு, ரெண்டாவது சரணம் வரைக்கும் நிறுத்தாத" என்று உங்களை நினைத்து ஒன்றை அனுப்பினால், அந்த ஒன்றைக் கேளுங்கள். நீங்களும் வாரத்துக்கு ஒன்று, ஒருவருக்கு, ஏன் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். நீங்கள் தொடங்கினால் இன்னும் இரண்டு பேராவது பின்னாலேயே வருவார்கள்.

மற்றபடி ஒலி 96.8 வானொலியைப் போட்டுவிட்டுச் சமையல் செய்வது எனக்கு இன்றைக்கும் ஒத்துவருகிறது, யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்து வைக்கிறார், நாம் மார்க் போட வேண்டியதில்லை. கோபத்தோடு ஒன்று சொல்ல வேண்டுமென்றால், இந்தப் பாட்டுக் குழுக்களில் சென்னை இசையமைப்பாளருக்காகச் சட்டையைப் பிடிக்கிறவர்களில் எத்தனை பேர் நம் ஊர் ஷபீர், யங் ராஜா பாட்டு வெளியானால் அதே வேகத்தில் கேட்டுவிட்டுத் திட்டவாவது செய்கிறார்கள்? நவம்பர் மாதம் எஸ்பிளனேட் அரங்கில் கலா உத்சவம் என்ற இந்தியக் கலைவிழா நடக்கும்போது ஒரு மாலை ஒன்பது பேரும் சேர்ந்து போய்ப் பாருங்களேன், நேரே கேட்டுவிட்டு வந்து அடித்துக்கொள்வது இன்னும் சுகம்.

எல்லாம் எழுதினீர்கள், அந்த நாலாவது பாட்டு எது என்று மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். இரண்டு நாளாக மண்டை குடைகிறது. லிங்க் வேண்டாம், பெயர் மட்டும் அனுப்புங்கள்.