அடைப்பே இல்லை, மாத்திரை எதற்கு?

கேள்வி: அம்மாவுக்கு வயது 62. தன் தம்பி இறந்த செய்தி கேட்டதும் அவருக்கு நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் வந்தது. ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும் மாரடைப்பு என்றன. ஆஞ்சியோவில் அடைப்பே இல்லை. ‘டகோட்சுபோ’ என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். “அடைப்பு இல்லையே, மாத்திரை எதற்கு?” என்கிறார் அம்மா. மறுபடி வருமா? மாமாவின் கருமாதிக்கு அழைத்துப் போகலாமா?

பதில்: ரத்தக் குழாய்கள்தான் நன்றாக இருக்கின்றன, அடிபட்டது இதயத் தசை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். கடும் அதிர்ச்சியில் அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் அளவுக்கு மீறிச் சுரந்து அந்தத் தசையைத் தாக்குகின்றன. பெரும்பாலும் இடது கீழறையின் நுனி சுருங்க முடியாமல் பலூன் போல உப்பிவிடும். தசை பாதிக்கப்படுவதால் அதிலிருந்து கசியும் ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் ஏறுகிறது, ஈசிஜி மாறுகிறது. 1990-இல் ஜப்பானிய மருத்துவர்கள் முதன்முதலில் விவரித்த நோய் இது. வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், அதிலும் மாதவிடாய் நின்றவர்களே அதிகம். ஆஸ்துமா தாக்குதல், அறுவை சிகிச்சைக்குப் பிறகும் வரும். ஆகவே ‘மனசு பலவீனம்’ என்று யாராவது சொன்னால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். அந்தப் பேச்சு அவர்களை இன்னும் நோகடிக்கும்.

முதல் சில நாட்கள்தான் ஆபத்தானவை. நுரையீரலில் நீர் கோக்கலாம், இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், அசையாத நுனியில் ரத்தம் உறையலாம். அதைத் தாண்டிவிட்டால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தசை பழையபடி சுருங்கத் தொடங்கும். அதுவரை அதன் சுமையைக் குறைக்கத்தான் மாத்திரை. மருத்துவர் சொன்ன நாளில் எக்கோ எடுத்து, அவர் பார்த்துச் சொல்லும்வரை ஒன்றைக்கூட நிறுத்த வேண்டாம். சிலருக்கு இது திரும்ப வருவதுண்டு. வராமலே தடுத்துவிடும் என்று உறுதி சொல்லத்தக்க மருந்து இன்னும் இல்லை.

கருமாதி விஷயத்துக்கு வருகிறேன். நடக்கும்போதோ படுக்கும்போதோ மூச்சு வாங்கினால், காலில் வீக்கம் இருந்தால், பயணம் கூடாது. அப்படி எதுவும் இல்லை, ஊரும் பக்கம்தான், மருத்துவரும் சரி என்கிறார் என்றால் நான் போகச் சொல்வேன். தம்பியின் காரியத்துக்குப் போகவிடாமல் வைத்திருப்பதும் அவருக்குப் பெரிய வேதனைதான். அழுகை வந்தால் அழட்டும். பட்டினி இருக்க வேண்டாம், வெயிலில் நிற்க வேண்டாம், மாத்திரையும் டிஸ்சார்ஜ் சம்மரியும் கையோடு இருக்கட்டும்.

அப்புறம், நெஞ்சு வலி திரும்ப வந்தால் ‘அதேதான்’ என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். உண்மையான மாரடைப்பும் அப்படியேதான் தெரியும். வீட்டில் வைத்துப் பிரித்தறிய முடியாது. உடனே 108-ஐ அழையுங்கள்.