வளையலை அடகு வைக்கலாம். செராமிக் கோட்டிங்குக்கு அல்ல

கேள்வி: குளச்சலில் இருக்கிறேன். தனியார் வேலை, சம்பளம் 34,000. 2016 மாடல் பெட்ரோல் கார் வருடத்துக்கு 9,000 கி.மீ. ஓடும். சர்வீஸ் சென்டரிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை மெசேஜ் வந்ததும் விடுவேன். ஒவ்வொரு முறையும் 7,000, 8,000 என்று பில் வரும். கிரெடிட் கார்டில் தேய்த்துவிட்டு மினிமம் டியூ மட்டும் கட்டுகிறேன். பாக்கி 42,000 ஆகிவிட்டது. 'உப்புக்காற்றில் வண்டி துருப்பிடித்துவிடும், செராமிக் கோட்டிங் போடு, 25,000தான் ஆகும்' என்கிறார் அத்தான். மனைவியின் வளையலை அடகு வைத்துப் போடலாமா?

பதில்: கோட்டிங் வேண்டாம். வளையலை வையுங்கள், ஆனால் பணம் நேரே கார்டு பாக்கிக்குப் போகட்டும். உங்களைக் கடனில் இறக்குவது கார் அல்ல, மினிமம் டியூதான்.

மாதம் 3.5 சதவீதம் என்று வைத்தால் 42,000க்கு வட்டி 1,470. அதன்மேல் ஜி.எஸ்.டி. சுமார் 265. நீங்கள் கட்டும் 2,100ல் அசல் குறைவது 365 மட்டுமே. பாக்கி இருக்கும்வரை புதிதாகத் தேய்க்கும் பில்லுக்கும் அன்றே வட்டி ஓடும். வங்கி நகைக்கடன் ஆண்டுக்கு 12 சதவீதம் என்றாலும் முதல் மாத வட்டி 420தான். மாதம் 5,000 கட்டினால் ஒன்பது மாதத்தில் முடியும். மொத்த வட்டி ஏறக்குறைய 2,100. இப்போது கட்டும் 2,100, சர்வீஸில் மிச்சமாகும் 1,000, இதோடு இன்னும் 1,900 ஒதுக்குங்கள்.

அந்த 1,000 எப்படி மிச்சமாகும்? பல பெட்ரோல் கார்களுக்கு ஆயில் மாற்ற 10,000 கி.மீ. அல்லது ஓராண்டுதான் கணக்கு. மெசேஜைப் பார்க்காமல் கையேட்டைப் பாருங்கள். உங்கள் ஓட்டத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை போதும். வாரண்டியும் முடிந்த வண்டி என்பதால் நீங்களே மாற்றலாம். கையேட்டில் சொன்ன கிரேடு ஆயில் (சின்ன கார்களுக்குப் பெரும்பாலும் 3 முதல் 3.5 லிட்டர்), ஃபில்டர், டிரெயின் போல்ட்டுக்குப் (பழைய ஆயில் வடியும் துளையை மூடும் போல்ட்) புது வாஷர், எல்லாம் சேர்த்து 2,500க்குள் முடியும்.

எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். சமதளத்தில் ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்கு அடைக்கல் வைத்து, ஜாக் ஸ்டாண்டில் நிறுத்திய பிறகே அடியில் போங்கள். வெறும் ஜாக்கை நம்பி ஒருநாளும் படுக்காதீர்கள். டிரெயின் போல்ட்டைக் கழற்றிப் பழைய ஆயிலை வடியவிடுங்கள். பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்துவிட்டதா என்று பாருங்கள். எஞ்சினில் ஒட்டியிருக்க அதன்மேல் புதியதை மாட்டினால் ஆயில் பீய்ச்சியடிக்கும். புது ரப்பரில் ஆயில் தடவி, கையால் மட்டும் முறுக்குங்கள். டிரெயின் போல்ட்டைப் பலத்தைக் காட்டி இறுக்கினால் அலுமினிய சம்ப்பின் (எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) மரை போய்விடும். மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கே கரையும். கடைசி அரை லிட்டரை டிப்ஸ்டிக் (ஆயில் அளவு காட்டும் கம்பி) பார்த்துப் பார்த்து ஊற்றுங்கள். அளவு கூடினால் ஆயில் நுரைத்து, மசகு குறையும். பழைய ஆயிலை ஓடையிலோ தென்னந்தடத்திலோ கொட்டாமல் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

அத்தானின் கவலை நியாயமானதுதான், மருந்துதான் தவறு. செராமிக் கோட்டிங், பெயிண்டின் மேற்பரப்புக்கு மட்டும்தான். கடலோரத்தில் துரு தொடங்குவது வண்டியின் அடிப்பாகத்திலும், மட்கார்டு உள்பக்கத்திலும், கதவின் கீழ் விளிம்பிலும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைப் பீய்ச்சிக் கழுவுங்கள். கரிக்கும் கிணற்றுத் தண்ணீர் ஆகாது. கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளை ஈர்க்கால் குத்தி விடுங்கள். அவை அடைத்தால் கதவு உள்ளிருந்தே அரிக்கும்.

முன்கண்ணாடியில் உப்பும் மணலும் படிந்திருக்கும்போது உலர் துணியால் துடைத்தாலும் வைப்பரை ஓட்டினாலும் கீறல் விழும். முதலில் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, பிறகு மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். வைப்பர் ரப்பரையும் ஈரத்துணியால் இழுத்துத் துடையுங்கள், கறுப்பாக அழுக்கு வரும். நம் குமரி மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை; ரப்பர் வெடித்திருந்தால் ஜூனுக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

பிரேக்கில் மட்டும் கை வைக்காதீர்கள். அதற்கு ஊரில் நல்ல மெக்கானிக்கைப் பிடியுங்கள். நகை மீண்டதும் மாதம் 500 ஆர்.டி. போட்டு, அந்த மெக்கானிக் பில்லை ரொக்கமாகக் கொடுங்கள்.