எந்த ஊர், எத்தனை அடி, எந்த மாதம்? – நிலமும் நீரும் கேள்வி-பதில்

கிணறுகள் அடி காட்டத் தொடங்கிவிட்டதால் இம்முறை கடிதங்கள் வழமையைவிட அதிகமாக வந்துள்ளன. அவற்றுள் ஏறக்குறையப் பாதியில் ஊரின் பெயர் இல்லை. ஊரை எழுதியவர்கள் கிணற்றின் ஆழத்தை எழுதவில்லை. ஆழத்தை எழுதியவர்கள் எந்த மாதத்தில் அளந்தார்கள் என்பதைச் சொல்லவில்லை. வவுனியாவின் கருங்கல்லுக்கும் முழங்காவிலின் சுண்ணாம்புக்கல்லுக்கும் பொருந்தும் ஒரே பதில் என்னிடம் இல்லை. ஆகவே இந்த மூன்றும் இல்லாத கடிதங்களை ஒதுக்கி வைத்துள்ளேன்.

ஓமந்தை வாசகர்: குழாய்க்கிணறு 210 அடி வரை துளைத்தும் தண்ணீர் வரவில்லை. 400 அடி வரை போனால் நிச்சயம் கிடைக்கும் என்று துளைப்பவர்கள் சொல்கிறார்கள். போகலாமா?

வேண்டாம். உங்கள் காணிக்குக் கீழே இருப்பது பளிங்குருப் பாறை. மேலே முப்பது, நாற்பது அடி வரை உக்கிய கல்லும் மண்ணும், அதற்குக் கீழே கடும்பாறையும், அப்பாறையில் ஆங்காங்கே வெடிப்புகளும் உண்டு. தண்ணீர் இருப்பது உக்கிய படையிலும் வெடிப்புகளிலும் மட்டுமே. கீழே போகப் போக மேலுள்ள பாறையின் பாரத்தால் வெடிப்புகள் ஒடுங்கிப் போவதால், இருநூறு அடிக்குள் கிடைக்காத தண்ணீர் நானூறு அடியில் கிடைப்பது அரிது. அடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர் ஆழத்தை அதிகமாகப் பரிந்துரைப்பதில் வியப்பில்லை. துளைத்த பிறகு யோசிப்பதைவிட, துளைப்பதற்கு முன்னர், நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி அது எங்கே எவ்வளவு தடைபடுகிறது என்று பார்க்கும் மின்தடை அளவீடு செய்து வெடிப்பு வலயம் எங்கே ஓடுகிறது என்று பார்த்திருக்க வேண்டும். தோட்டத்துக்குத்தான் தண்ணீர் தேவையென்றால், அகலமான விவசாயக் கிணறு ஒன்றை உக்கிய படை முடியும் வரை வெட்டுவது பெரும்பாலும் மலிவானது. கடும்பாறையில் பணத்தைப் புதைப்பதைவிட நல்லது.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: தேங்காயை உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர் பார்க்கும் முறையில் அறிவியல் உண்டா?

இல்லை. மாரி முடிந்த கையோடு ஓமந்தையில் எங்கே வெட்டினாலும் முப்பது அடிக்குள் ஈரம் இருக்கும். தேங்காய் எழும்பி நிற்கும் இடமெல்லாம் பலிப்பதற்கு அதுவே காரணம். ஆவணியில் பார்க்கச் சொல்லுங்கள்.

முழங்காவில் வாசகர்: எங்கள் கிணற்றில் காலையில் நல்ல தண்ணீர், பின்னேரம் சவர். இரண்டு அங்குல மோட்டார் பூட்டிய பின்னரே இப்படி. கடல் மூன்று கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. கிணற்றை இன்னும் ஆழமாக்கலாமா?

ஆழமாக்கினால் சவர் காலையிலேயே வரும். கரையோர நிலத்தில் நன்னீர், தன்னைவிடப் பாரமான உவர்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது பாடநூல் கணக்கு. அதையே மறுபக்கமாக வாசியுங்கள்: இறைத்து மேல்மட்டத்தை ஓர் அடி இறக்கினால், கீழேயுள்ள உவர் நாற்பது அடி மேலே வரப் பார்க்கும். உங்கள் மோட்டார் ஓடும்போது கிணற்றின் அடிக்கு நேர் கீழே உவர்நீர் கூம்புபோல எழும்புகிறது; இரவு ஓய்ந்ததும் மெல்லத் தணிகிறது. கடல் தொலைவில் இருப்பதால் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். உவர் பக்கவாட்டாக வரவில்லை, கீழிருந்து வருகிறது.

சிறிய மோட்டாரைப் பூட்டி, ஒரே மூச்சில் எட்டு மணித்தியாலம் இறைப்பதைக் காலை, மாலை என்று பிரித்து இறையுங்கள். முடியுமானால் ஒரு ஆழக் கிணற்றுக்குப் பதிலாக ஆழங்குறைந்த இரண்டு கிணறுகளை இடைவெளி விட்டு வெட்டுங்கள். முழங்காவில், பரந்தன், முருங்கன் பகுதிகளில் சுண்ணாம்புக்கல்லுக்குள் களிப்படையால் மூடப்பட்டு அழுத்தத்தில் நிற்கும் ஆழமான நீர்ப்படுகையும் உண்டு. மேலே சொன்ன கணக்கு அதற்கு நேரடியாகப் பொருந்தாது. எனவே பக்கத்து வளவின் குழாய்க்கிணறு நல்ல தண்ணீர் தருகிறதே என்று ஒப்பிட்டு மனம் நோக வேண்டாம். அவர் குடிப்பது வேறு படையின் நீர்.

விசுவமடு வாசகர்: ஆய்வுகூட அறிக்கையில் நைத்திரேற்று 45 என்று போட்டிருக்கிறது. குடிக்கலாமா?

45 என்ன? கடிதத்தில் அலகு இல்லை. நைத்திரேற்று என்ற கணக்கில் லீற்றருக்கு 45 மில்லிகிராம் என்றால், 50 என்ற எல்லைக்குள் மயிரிழையில் நிற்கிறீர்கள். நைத்திரேற்றிலுள்ள நைதரசன் என்ற கணக்கில் 45 என்றால், அதற்குரிய எல்லை ஏறக்குறைய 11. அதாவது நான்கு மடங்கு தாண்டிவிட்டீர்கள். ஒரே எண்தான், ஒன்றில் குடிக்கலாம், மற்றதில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கவே கூடாது. அறிக்கையை எடுத்து அந்த வரியை மீண்டும் வாசியுங்கள். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்றுவதால் இன்னும் செறியும்.

தண்ணீரைச் சோடாப் போத்தலில் எடுத்து மூன்று நாள் சமையலறையில் வைத்திருந்ததாகவும் எழுதியுள்ளீர்கள். அந்தப் போத்தலுக்குள் நடந்த மாற்றத்தையே ஆய்வுகூடம் அளந்திருக்கக்கூடும். ஆய்வுகூடம் தரும் போத்தலில் எடுத்து, குளிரவைத்து, அடுத்த நாளைக்குள் கொடுங்கள். எடுத்த மாதத்தையும் எழுதுங்கள். மிளகாய்த் தோட்டத்துக்குப் பசளை போட்டபின் பெய்த முதல் மழைக்குப் பிறகு எடுத்த தண்ணீரும் சித்திரையில் எடுத்த தண்ணீரும் ஒன்றல்ல.

வவுனியா வாசகர்: புளோரைட்டைக் கொதிக்கவைத்து அகற்றலாமா? சிறுநீரக நோய்க்கு அதுதான் காரணமா?

முதல் கேள்விக்கு: முடியாது, நைத்திரேற்றுக்குச் சொன்ன அதே காரணம். இரண்டாவதற்கு: வடமத்திய மாகாணத்தில் 1990களில் கவனத்துக்கு வந்து வவுனியாவரை காணப்படும் இந்நோய்க்கு ஒரே காரணத்தை விஞ்ஞானிகள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. புளோரைட்டும் தண்ணீரின் வன்மையும் (கடினத்தன்மை), விவசாய இரசாயனங்கள், வெயிலில் நீரின்றி உழைத்தல் எனப் பல பேசப்படுகின்றன. எதுவாயினும், மழைநீரைச் சுத்தமாகச் சேர்த்துக் குடிப்பதால் கெடுதி எதுவும் வராது.

ஒட்டுசுட்டான் பகுதிக் கமக்காரர் அமைப்பு: எங்கள் குளம் தூர்ந்துவிட்டது. இயந்திரம் கொண்டு ஆழமாக்கித் தர ஒருவர் முன்வந்துள்ளார். மண்ணை அவரே எடுத்துக்கொள்வாராம், எங்களுக்குச் செலவில்லை. சம்மதிக்கலாமா?

இந்தக் கேள்வியை ஆண்டுதோறும் யாராவது கேட்கிறார்கள். நானும் ஆண்டுதோறும் ஒரே பதிலைச் சொல்கிறேன். இம்முறை கணக்கோடு சொல்கிறேன்.

உங்கள் குளத்தில் ஐந்து ஏக்கரை மூன்று அடி ஆழமாக்குவதாக வைத்துக்கொள்வோம். கிடைப்பது பதினைந்து ஏக்கர்-அடி கொள்ளளவு. கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் தோண்டிய பகுதி துருசின் (மதகின்) அடிமட்டத்துக்குக் கீழே இருந்தால், அந்தத் தண்ணீர் வாய்க்காலுக்குத் தானாக ஏறாது. டீசல் ஊற்றி இறைத்தால்தான் வரும். நம் பகுதியில் கோடையில் நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீற்றருக்குக் குறையாமல் ஆவியாகும் என்று வைத்தால், நான்கு மாதத்தில் இரண்டு அடி வானத்துக்குப் போய்விடும். மிஞ்சுவது ஓர் அடி. மாடுகளுக்கும் மீனுக்கும் அது உதவும் என்பதை மறுக்கவில்லை, சிறுபோகத்துக்கு உதவாது.

அடுத்ததாக மண்ணின் கணக்கு. அந்தப் பதினைந்து ஏக்கர்-அடி, ஏறக்குறைய 6,500 கியூப் மண் (ஒரு கியூப் நூறு கன அடி). மூன்று கியூப் ஏற்றும் ரிப்பர் லொறியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நடைகள். இலவசமாகத் தோண்டித் தருகிறேன் என்பவர் எதற்காக வருகிறார் என்பது இந்த எண்ணிலேயே தெரியும். வண்டல் படிந்திருப்பது ஓடை வந்து விழும் அலைகரைப் பக்கத்தில். அது கிரவலுக்கு உதவாது. இயந்திரம் இறங்குவதோ ரிப்பர் வந்து திரும்ப வசதியான கட்டுப் பக்கத்தில். அங்கே வண்டல் குறைவு, விலைபோகும் மண் அதிகம். ஆகவே தூர் அங்கேயே கிடக்க, கட்டின் அடிவாரம் மட்டும் பள்ளமாகிறது. கட்டுக்குப் பக்கத்தில் கிடங்கு வெட்டினால் கட்டு நிற்குமா என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

இன்னும் மோசமானது கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது. குளத்தின் அடியில் நெடுங்காலமாகப் படிந்து மிதிபட்ட களிப்படை ஒன்று உண்டு. குளம் தண்ணீர் தாங்குவது அதனால்தான். சில ஆண்டுகளுக்கு முன் முல்லைத்தீவு மாவட்டத்தில் இப்படி ஆழமாக்கப்பட்ட குளமொன்றைப் பார்க்க அழைத்தார்கள். கிடங்கின் சுவரில் மேலிருந்து கீழே கறுப்புக் களி, சாம்பல் களி, பிறகு வெள்ளைப் புள்ளிகளோடு கையால் பொடிக்கக்கூடிய உக்கிய கல் என்று படைகள் தெளிவாகத் தெரிந்தன. அடியில் கிடந்த மண்ணை நான் கைநிறைய அள்ளிப் பிடித்தேன். அது உருண்டையாகவில்லை, விரலிடுக்கால் சொரிந்தது. களியைத் தாண்டி, சல்லடைபோலத் தண்ணீரை ஒழுகவிடும் உக்கிய கல்லுக்குள் இறங்கிவிட்டார்கள். அந்த மாரியில் குளம் வான் பாய்ந்தது; மாசியில் கிடங்குக்குள் கூடத் தண்ணீர் இல்லை. குளத்துக்குக் கீழுள்ள சில கிணறுகள் சற்று ஏறியிருந்தன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் வயல்காரர் குளம் கட்டியது அயல்கிணறுகளை நிரப்புவதற்கு அல்ல.

தூர் எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எடுக்க வேண்டியது வண்டலை. எடுக்க வேண்டிய இடம் அது படிந்திருக்கும் இடம். நிறுத்த வேண்டிய மட்டம் பழைய அடிக்களி. தோண்டுவதற்கு முன் கையால் ஐந்தாறு சோதனைக் குழிகள் வெட்டி, வண்டல் எத்தனை அடி, களி எத்தனை அடி என்று அளந்து எழுதிவையுங்கள். எடுத்த மண்ணைக் குளத்துக்குள்ளேயே குவிக்காதீர்கள். அடுத்த மழையில் அது திரும்பவும் உள்ளே வரும். எல்லாவற்றுக்கும் முன்பாக, தூர் எங்கிருந்து வருகிறது என்று நீரேந்து பரப்பில் நடந்து பாருங்கள். அலைகரையிலிருந்த புல்லையும் மரத்தையும் அழித்துக் கச்சானோ சோளமோ செய்திருந்தால், நீங்கள் எவ்வளவு தோண்டினாலும் குளம் மீண்டும் தூரும். 200 ஏக்கருக்குக் குறைவாகப் பாய்ச்சும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளவை. எழுத்தில் அனுமதியில்லாமல் இயந்திரம் இறங்க விடாதீர்கள்.

சிலாவத்துறை வாசகர்: கிணறு வெட்டும்போது பன்னிரண்டு அடியில் சிப்பி பதிந்த வெள்ளைக் கல் வந்தது. இது குமரிக்கண்டத்தைக் கொண்ட கடல்கோளுக்குச் சான்றுதானே?

இல்லை. அது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஆழங்குறைந்த கடல் இருந்ததற்குச் சான்று. மனிதனே இல்லாத காலத்துக் கடலை இலக்கியக் கடல்கோளோடு முடிச்சுப் போடாதீர்கள். கிழக்கே வவுனியாப் பக்கம் எவ்வளவு வெட்டினாலும் சிப்பி வராது. அங்குள்ள நைஸ் பாறைகள் ஐம்பத்தைந்து, அறுபது கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்துக்கடியில் பெருவெப்பத்தில் உருமாறியவை. அப்பாறைத் தொகுதிக்குப் புவிச்சரிதவியலாளர் இட்ட பெயரே 'வன்னித் தொகுதி'. அது கொழும்பையும் தாண்டித் தெற்கே போகிறது என்பது பலருக்குத் தெரியாது.

கிளிநொச்சி வாசகர்: கனகராயன் ஆற்றில் அள்ளும் மணலை அடுத்த வெள்ளம் கொண்டுவந்து நிரப்பிவிடும் என்கிறார்கள். உண்மையா?

ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுக் குளத்துக்கு மேலே ஓரளவு உண்மை, கீழே உண்மையல்ல. மேலிருந்து வரும் மணல் ஏறக்குறைய 15 கோடி கனமீற்றர் கொள்ளும் அக்குளத்தில் தங்கிவிடுகிறது. வான்கதவால் வெளியே வருவது மணல் இறங்கிய வெறும் தண்ணீர். அது கொண்டுவருவதில்லை, கரையை அரித்துக்கொண்டு போகிறது. ஆற்றங்கரை மருதமரங்களின் வேர் வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். மணல் போனால் ஆற்றுக்கு இருபுறமுமுள்ள கிணறுகளும் இறங்கும். கோடையில் அவற்றுக்குத் தண்ணீர் கொடுத்தது அந்த மணலே.

வங்காலை மாணவி: இவ்வாண்டு பூநாரைகள் மிகக் குறைவு. சரணாலயம் அழிகிறதா?

ஓராண்டை வைத்துச் சொல்ல முடியாது. பூநாரைக்கு வேண்டியது முழங்கால் ஆழத் தண்ணீரும், குறிப்பிட்ட உவரில் பெருகும் சிற்றுயிர்களும். மழை கூடினால் தண்ணீர் ஆழமாகி உவர் குறையும். பறவை வேறு களப்புக்குப் போய்விடும். வங்காலை 2010இல் அனைத்துலக முக்கியத்துவமுள்ள ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அன்று முதல் தொடர்ச்சியாக எண்ணியவர்களின் பதிவைத் தேடிப் பாருங்கள். நீங்கள் எண்ணும்போது மாதத்தையும் தண்ணீரின் ஆழத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

பல்கலைக்கழக மாணவர் (ஊர் எழுதவில்லை): வன்னியின் நிலத்தடி நீர் பற்றிய எல்லாத் தரவுகளையும் அனுப்பி வைக்கவும். அவசரம்.

இயலாது.

நெளுக்குளம் வாசகர்: பார்த்தீனியக் களைக்கு எந்த மருந்து அடிக்கலாம்?

வீட்டு வளவுக்கு மருந்து வேண்டாம். பூக்கும் முன்னர், மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். பூத்த பின் பிடுங்கி வேலியோரம் எறிந்தால் ஒரு செடிக்கு ஆயிரக்கணக்கில் விதையை நீங்களே விதைத்தவராவீர்கள். மாட்டெருவும் கிரவலும் வெளியிலிருந்து ஏற்றுவதானால், ஏற்றும் இடத்தில் அச்செடி நிற்கிறதா என்று முதலில் போய்ப் பாருங்கள்.