கறுப்பின வரலாற்று மாதத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி: அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கிறேன். பிப்ரவரி முழுக்க வளாகத்தில் கறுப்பின வரலாற்று மாதம் கொண்டாடுகிறார்கள். இந்திய மாணவர்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? போகாவிட்டால் தப்பா?

போகாவிட்டால் தப்பில்லை, யாரும் உங்களைக் கேட்கப் போவதில்லை. ஆனால் "நமக்கு என்ன சம்பந்தம்" என்பதைப் படித்ததும் சும்மா போக முடியவில்லை. பத்து வருடம் முன்பு ஒஹாயோவில் போய் இறங்கிய முதல் வருடமே இதைக் கேட்டவள் நான்.

நீங்களும் வங்கிக் கடனில்தான் போயிருப்பீர்கள். நாலு பேராக ஒரே அபார்ட்மெண்டில் இருப்பீர்கள். "அந்தப் பக்கம் வீடு பார்க்காதே, அவங்ககிட்ட பேச்சு வச்சுக்காதே" என்று ஒரு சீனியர் சொல்லியிருப்பார். எனக்கும் சொன்னார்கள், ஆறு மாதம் நானும் அப்படியே இருந்தேன்.

வளாக உணவுக்கூடத்தில் எனக்குப் பகுதிநேர வேலை. பிப்ரவரியில் ஒரு நாள் கறுப்பின மக்களின் வீட்டுச் சமையலை அங்கே செய்தார்கள். தலைமைச் சமையல்காரர் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு கறுப்பின அம்மா. ஒரு பெரிய தட்டில் பயறைக் கொட்டி என் முன்னால் வைத்தார். பார்த்தால் நம்ம தட்டப்பயறு! சென்னைக்காரர்கள் காராமணி என்பார்களே, அதே கறுப்புப் புள்ளி. திருநெல்வேலியில் ஆச்சி சுளவில் போட்டுக் கல் பொறுக்குவதைப் பார்த்து வளர்ந்த கை, தானாகவே பொறுக்க ஆரம்பித்துவிட்டது. அந்த அம்மா பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். "யார் சொல்லிக்கொடுத்தது?" என்றார். என் பாட்டி என்றேன். "எனக்கும் பாட்டிதான்" என்று சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்து அவரும் பொறுக்கினார். இது ஆப்பிரிக்காவில் பிறந்த பயறு என்பதும், அமெரிக்காவுக்கு அடிமைக் கப்பல்களோடு வந்தது என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நம்ம ஊருக்கு அது எப்போதோ வந்து நம்ம பயறாகவே ஆகிவிட்டது.

அன்று சாயங்காலக் கூட்டத்துக்கும் அவர்தான் வரச் சொன்னார். முதலில் ஒரு பாட்டு. "லிஃப்ட் எவ்ரி வாய்ஸ் அண்ட் சிங்" என்று கறுப்பினக் கவிஞர் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் 1900இல் எழுதியது, கறுப்பின மக்கள் தங்கள் தேசிய கீதமாகவே வைத்திருப்பது. அரங்கமே எழுந்து நின்றது. எனக்குத் தெரியவில்லை, உட்கார்ந்தே இருந்தேன். முன்வரிசையில் அந்த அம்மா, சமையலறையில் போடும் அதே கறுப்புச் செருப்போடு, கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார். இரண்டாவது சரணத்தில்தான் எழுந்தேன்.

பிறகு ஒரு பேராசிரியர், கறுப்பின வரலாற்றாசிரியர் கார்ட்டர் வுட்சன் பற்றிப் பேசினார். அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்தவர், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், 1912இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கியவர். தன் மக்களின் வரலாற்றைப் பள்ளியில் யாரும் சொல்லித் தருவதில்லை என்று 1926இல் ஒரு வாரத்தைத் தொடங்கினார். அதிபர் லிங்கன், அடிமைத்தனத்திலிருந்து தப்பி அதை எதிர்த்துப் போராடிய ஃபிரெடெரிக் டக்ளஸ் இருவரின் பிறந்தநாளையும் மக்கள் கொண்டாடும் வாரம் என்பதால் பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்தார். அதை மாதமாக்கியது எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்த கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகம். கென்ட் என்றால் 1970 மே 4 அன்று தேசியக் காவல் படை சுட்டு நான்கு மாணவர்கள் இறந்ததுதான் பலருக்கு ஞாபகம் வரும். அதே வருடத் தொடக்கத்தில் அங்கே கறுப்பின மாணவர்களும் ஆசிரியர்களும் முதல் வரலாற்று மாதத்தைக் கொண்டாடி முடித்திருந்தார்கள். அதிபர் ஃபோர்டு அங்கீகரித்தது 1976இல்தான்.

சரி, சம்பந்தத்துக்கு வருகிறேன். இந்தியர் வெள்ளையர் இல்லை, அதனால் குடியுரிமை கிடையாது என்று 1923இல், குடியுரிமை கேட்ட பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. 1946இல் கதவு கொஞ்சம் திறந்தபோதும் வருடத்துக்கு 100 இந்தியர்களுக்குத்தான் இடம். அதை மாற்றியது 1965 குடியேற்றச் சட்டம். அதற்கு முந்தைய வருடம்தான், நிறம் பார்த்து ஒதுக்குவதைத் தடை செய்த சிவில் உரிமைச் சட்டம் வந்தது. கறுப்பின மக்கள் அடிபட்டு, சிறைக்குப் போய் அந்தக் காலத்தை உருவாக்காமல் இருந்திருந்தால், நம் ஆட்கள் இன்று வரிசையில் நிற்கும் கிரீன் கார்டு ஏது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இன்னும் ஆறவில்லை. அந்த வருடத் தீபாவளி விழாவுக்கு என் காசில் டிக்கெட் எடுத்து அந்த அம்மாவை அழைத்திருந்தேன். மஞ்சள் கவுன் போட்டு வந்திருந்தார். வாசலில் வெள்ளைக்காரப் பேராசிரியர் ஒருவருக்கும் அவர் மனைவிக்கும் பன்னீர் தெளித்து உள்ளே விட்டவர்கள், இவரிடம் "கேட்டரிங்கா? பின்வாசல் அந்தப் பக்கம்" என்றார்களாம். கையில் இருந்த டிக்கெட்டைக் காட்டிய பிறகுதான் விட்டார்கள். நான் மேடைக்குப் பின்னால் சேலைக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தேன், எனக்குத் தெரியாது. நாலு நாள் கழித்து வெங்காயம் உரிக்கும்போது சாதாரணமாகச் சொன்னார்.

"ஊரில் சாதியை ஒழித்துவிட்டாயா, அமெரிக்கா பற்றிப் பேச வந்துட்டே" என்று கீழே யாராவது எழுதுவீர்கள். ஊரில் பின்வாசல் யாருக்கு வைத்திருக்கிறார்கள் என்று எனக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அந்த வார்த்தை சுட்டது. "டவுன்டவுனில் என் நண்பனிடம் ஃபோனைப் பறித்தார்கள்" என்றும் வருவீர்கள். பறித்தவனைப் போலீசில் சொல்லுங்கள். என்னோடு பயறு பொறுக்கிய அம்மாவிடம் அதற்குக் கணக்கு கேட்காதீர்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நான் உணவுக்கூடத்தில் வேலை பார்த்ததை, "அமெரிக்கா போய் எச்சில் தட்டு கழுவுறா" என்று ஒரு உறவினர் கல்யாண வீடு கல்யாண வீடாகச் சொன்னார். அந்தச் சம்பளத்தில்தான் இரண்டு வருடம் கடனுக்கு வட்டி கட்டினேன். அப்பா தலை குனிந்ததை நான் மறக்கவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பேச்சுக் கூட்டத்துக்கு முன்னால், சாப்பாடு இருக்கிற நிகழ்ச்சிக்குப் போங்கள், அங்கே பேச ஆள் கிடைக்கும். முடிந்தால் சமைக்கிற இடத்தில் ஒரு கை கொடுங்கள். கூட்டத்துக்குப் போனால் ஐந்து நிமிடம் முன்னாலேயே போய் முன்பக்கம் உட்காருங்கள். ஆரம்பத்தில் அந்தப் பாட்டு வரும். முதல் சரணத்திலேயே எழுந்துவிடுங்கள்.