தொடை வீங்கிய பச்சை வண்டு

கேள்வி: லண்டனில் மகள் வீட்டருகே உள்ள புல்வெளியில், டெய்சிப் பூக்களில் மினுங்கும் பச்சை வண்டுகளைக் கண்டேன். சிலவற்றுக்குப் பின்னந்தொடை வீங்கியிருந்தது. நோயா? நம்மூர்ப் பொன்வண்டின் இனமா? மகளின் தோட்டத்துக்கும் வருமா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: நோயல்ல. ஈடிமெரா நோபிலிஸ் என்னும் இந்த வண்டில் ஆணுக்கு மட்டுமே தொடை உருண்டு திரண்டிருக்கும். பெண்ணுக்குக் கால் மெலிது. நீளம் ஏறத்தாழ 10 மில்லிமீற்றர். பொன்வண்டு வேறு குடும்பம். அடுத்தமுறை முதுகைக் கிட்டப் பாருங்கள்: பச்சை முன்சிறகுகள் வால்பக்கம் குறுகி, ஒன்றோடொன்று பொருந்தாமல் விலகி நிற்கும்; இடைவெளியில் உள்சிறகு தெரியும். பொன்வண்டுக்கு இப்படி இராது.

ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை மகரந்தமும் தேனும் தின்னும். ஆனால் மகளின் தோட்டத்துக்கு இவை வரப் பூ மட்டும் போதாது. புழுப் பருவம் கழிவது காய்ந்த தண்டுக்குள், குறிப்பாக நெருஞ்சில் போல் முள்ளுள்ள திசில் செடிகளின் தண்டில். இலையுதிர் காலத்தில் தோட்டத்தை 'துப்புரவாக்கி' எல்லாவற்றையும் ஒட்ட வெட்டி எரித்தால், அடுத்த தலைமுறையும் சாம்பலாகிவிடும். பலரும் விடும் பிழை இதுதான். மகள் தன் தோட்டத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது வெட்டாமல் அடுத்த கோடை வரை நிற்க விடட்டும். வருடந்தோறும் அந்தப் பகுதியை மாற்றலாம். வெட்டிய புல்லை வாரி அகற்ற வேண்டும். அங்கேயே மக்கினால் மண் கொழுத்து, புல் ஓங்கிப் பூச்செடிகளை அமுக்கிவிடும். உரமும் பூச்சிமருந்தும் வேண்டாம்.

பிள்ளைகள் கையில் வைத்து நசுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்: இக்குடும்பத்து வண்டுகளின் உடற்சாறு தோலில் கொப்புளம் எழுப்பக்கூடும்.