கடன் கேட்பது நீங்கள், சோதனை கட்டடத்துக்கு!

வீட்டுக்கடன் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், சேலத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற வங்கி மேலாளர்.

கேள்வி: கன்னங்குறிச்சி பக்கம் 24 வீடுகள் கொண்ட அடுக்குமாடியில் ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறோம். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) எண் இருக்கிறது. என் கணவரின் சம்பளக் கணக்கு உள்ள வங்கியில், 'இந்த பிராஜெக்ட் எங்களிடம் அப்ரூவல் ஆகவில்லை, நாளாகும்' என்கிறார்கள். பில்டரோ, 'எங்கள் டை-அப் வங்கிக்குப் போங்கள், ஒரே வாரத்தில் முடியும்' என்கிறார். அங்கே வட்டி அரை சதவீதம் கூடுதல். கட்டடத்தில் ஏதாவது வில்லங்கம் இருக்குமோ?
- வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: இருந்தே ஆக வேண்டும் என்றில்லை அம்மா. அந்த பில்டர் உங்கள் வங்கிக்கு ஃபைலே கொடுக்காமல் இருந்திருக்கலாம். 'ஃபைல் வரவே இல்லையா, வந்து திரும்பிப் போனதா?' என்று மேலாளரிடம் கேளுங்கள். திரும்பிப் போயிருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

அப்ரூவல் என்றால், வங்கியின் வக்கீல் மொத்த நிலத்துக்கும் தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, நிலத்துக்காரர் பில்டருக்குக் கொடுத்த பவர் எல்லாவற்றையும் ஒருமுறை படித்துவிடுவார். இன்ஜினீயர் நேரில் போய், அனுமதி வாங்கிய பிளானில் உள்ளபடி கட்டுகிறார்களா, ஒரு மாடி கூடுதலாக முளைத்திருக்கிறதா என்று பார்ப்பார். இதெல்லாம் முடிந்த கட்டடம் என்றால், அடுத்து வருகிறவருக்குச் சம்பளச் சான்றும், கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் மதிப்பெண்ணும் பார்த்தால் வேலை முடிந்தது. இந்தச் சோதனை முடியாத கட்டடத்தில் உங்கள் ஒரு வீட்டுக்காக எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இழுப்பது பெரும்பாலும் பத்திரம்தான். ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம் பக்கம் தாத்தா காலத்து வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுவார்கள். அண்ணன் தம்பிகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். ஈரோட்டில் கட்டிக்கொடுத்த அக்காவின் கையெழுத்து மட்டும் இருக்காது. பூர்விகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்தாயிற்று, வக்கீல் விடுவாரா? தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக அக்காவிடமிருந்து விடுதலைப் பத்திரம் வரும்வரை ஃபைல் நகராது. வக்கீலைத் திட்டாதீர்கள். நாளைக்கு அந்த அக்கா கோர்ட்டுக்குப் போனால் அலையப் போவது நீங்கள்தான்.

இன்னொன்றும் உண்டு. பில்டர் இதே நிலத்தை அடமானம் வைத்துக் கட்டுமானக் கடன் வாங்கியிருக்கலாம். அப்படியானால், அந்த வங்கி உங்கள் ஃபிளாட் எண்ணைக் குறிப்பிட்டுத் தடையின்மைச் சான்று தந்தால்தான் வேறு வங்கி கடன் கொடுக்கும். டை-அப் வங்கிக்கே போகச் சொல்வது இதனால்தானா என்று நேராகக் கேளுங்கள். மழுப்பினாலோ, பத்திர நகலை வெளியே தரமாட்டேன் என்றாலோ, நானாக இருந்தால் வேறு வீடு பார்ப்பேன்.

நகல் தருகிறார் என்றால் உங்கள் வங்கிக்காகக் காத்திருக்கலாம். 40 லட்சம் கடன், 20 வருடம் என்று வையுங்கள். எட்டரை சதவீதத்துக்கும் ஒன்பதுக்கும் மாதத் தவணையில் சுமார் 1,275 ரூபாய் வித்தியாசம் வரும். மொத்தமாக 3 லட்சத்துக்கு மேல்! அதுவரை அட்வான்ஸை அள்ளிக் கொடுத்துவிடாதீர்கள். பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்பது ரெரா சட்டம். கட்டடத்தின் பத்திரக் குறையால் கடன் மறுக்கப்பட்டால் முன்பணம் திரும்ப வரும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கும் மகள் காண்டோ (அடுக்குமாடி வீடு) வாங்குகிறாள். அவளுடைய கிரெடிட் ஸ்கோர் பிரமாதம். ஆனாலும் கட்டட ஆய்வு முடியவில்லை என்று கடன் நிற்கிறது. ஏன்?
- வாசகர், சூரமங்கலம்

பதில்: அங்கே கடன் கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கடனை ஃபேனி மே, ஃபிரெடி மேக் என்ற நிறுவனங்களுக்கு விற்றுவிடுவார்கள். வாங்குகிற அந்த நிறுவனங்கள் கட்டடத்துக்கும் விதி வைத்திருக்கின்றன. நாம் இங்கே பில்டரைத் துருவுகிறோம். அங்கே குடியிருப்போர் சங்கத்தைத் துருவுகிறார்கள். சந்தாவை 60 நாளுக்கு மேல் பாக்கி வைத்த வீடுகள் 15 சதவீதத்தைத் தாண்டினால் சிக்கல். சங்கத்தின் சேமநிதி, காப்பீடு, வழக்கு, தள்ளிப்போட்ட பழுது வேலை எல்லாம் கேட்பார்கள். 2021 ஜூனில் ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடில் அடுக்குமாடி இடிந்து 98 பேர் இறந்த பிறகு இந்தக் கேள்விகள் கூடிவிட்டன. கேள்வித்தாளை நிரப்பித் தர வேண்டியது சங்க நிர்வாகம். அங்கேதான் பல நேரம் தேங்கும், மகளை அவர்களை நச்சரிக்கச் சொல்லுங்கள். லிஃப்ட் மாற்றச் சங்கத்தில் பணம் இருக்கிறதா என்று நம்மூர் வங்கிகளும் கேட்கலாம், கேட்பதில்லை.

கேள்வி: ஏற்காட்டில் எஸ்டேட் ஓரமாக ஒரு ஃபிளாட் விலைக்கு வருகிறது. ஊராட்சி அனுமதி இருக்கிறதாம். கடன் கிடைக்குமா?
- வாசகர், குகை

பதில்: ஏற்காட்டில் கட்ட மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் (ஹாகா என்பார்கள்) ஒப்புதலைக் கேட்பார்கள். ஊராட்சி முத்திரையை மட்டும் காட்டினால் வக்கீல் முதல் பக்கத்திலேயே ஃபைலை மூடிவிடுவார். ஒப்புதல் நகலை வாங்கிப் பார்த்துவிட்டு மலை ஏறுங்கள்.