கார்விங் ஸ்கீ வாங்க முன்னம் பார்க்க வேண்டியவை

தங்கச்சி, சுவிஸில் பேர்னில் இது உங்களுக்கு இரண்டாவது குளிர்காலம். நீலப் (சுலபமான) பாதையில் தடுமாறாமல் இறங்குகிறீர்கள், சிவப்பில் (நடுத்தரப் பாதையில்) இன்னும் வழுக்கித்தான் திரும்புகிறீர்கள். உயரம் 158 சென்ரிமீற்றர், எடை 56 கிலோ. இயந்திரத்தால் சமப்படுத்திய பாதைகளில் மட்டும் ஓட, பெண்களுக்கான கார்விங் ஸ்கீயில், அதாவது வழுக்காமல் விளிம்பால் பனியை வெட்டித் திரும்பும் ஸ்கீயில், எதை எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஸ்கீக்கு முன்னம் சப்பாத்தை வாங்குங்கள். காசு மட்டுமட்டு என்றால் சப்பாத்தைச் சொந்தமாக வாங்கி, ஸ்கீயை ஒரு சீசனுக்கு வாடகைக்கு எடுங்கள். சப்பாத்துக்குள் குதி எழும்பினால் எந்த ஸ்கீயும் சொல்வழி கேட்காது. உள்ளுறையைக் கழற்றி, வெறும் ஓட்டுக்குள் காலை விட்டு, கால்விரலை முன்னே முட்ட வையுங்கள். குதிக்குப் பின்னால் ஒன்று, ஒன்றரை விரல் இடைவெளி இருந்தால் சரி. உள்ளுறையைப் போட்டு நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனி லேசாக முட்ட வேண்டும். முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். மெல்லிய மேஸ் ஒன்று போதும். இரண்டு போட்டால் கால் இன்னும் குளிரும். சப்பாத்தின் விறைப்பைக் காட்டும் இறுக்க எண் (flex) உங்களுக்கு 70 முதல் 80.

இனி ஸ்கீ. 'பெண்களுக்கானது' என்ற பெயருக்குள் இருக்க வேண்டிய மாற்றங்கள் மூன்று: உள்ளே இலேசான மரம், சுலபமாக வளையும் மென்மை, கொஞ்சம் முன்தள்ளிய பைண்டிங் (சப்பாத்தை ஸ்கீயில் பூட்டும் பகுதி). சில மாடல்களில் நிறம் மட்டும்தான் மாறியிருக்கும். ஆகவே பெயரை விட்டுவிட்டு ஸ்கீயின் மேல் அச்சிட்டிருக்கும் எண்களை வாசியுங்கள். 121-68-103, R 12.5, 149 என்று இருந்தால், முதல் மூன்றும் முனை, நடு, வால் ஆகியவற்றின் அகலம் மில்லிமீற்றரில். R என்பது பக்கவாட்டு வளைவின் ஆரம் மீற்றரில். கடைசி எண் நீளம்.

நடு அகலம் உங்களுக்கு 68 முதல் 73. 80ஐத் தாண்டினால் ஒரு விளிம்பிலிருந்து மற்ற விளிம்புக்கு மாறத் தாமதமாகும், இறுகிய பனியில் முழங்காலுக்கும் பாரம் கூடும். பின்னேரம் பனி இளகிக் குவியும்போது மட்டும் அகலமானது சுகம். நீளம் 144 முதல் 150 சென்ரிமீற்றர். ஆரம் 11.5 முதல் 13. ஒரே மாடலில் நீளம் கூடக் கூட ஆரமும் கூடும், அதனால் நீங்கள் எடுக்கும் நீளத்துக்குரிய எண்ணையே பாருங்கள்.

ஆரம் எப்படி வேலை செய்கிறது என்று விளங்கினால் மற்றதெல்லாம் விளங்கும். ஸ்கீயை விளிம்பில் சாய்க்கும்போது முனையும் வாலும் பனியைத் தொடும், ஒடுங்கிய நடு தொடாது. உங்கள் எடை அந்த நடுவைக் கீழே அமத்த, ஸ்கீ வில்லாக வளையும். அந்த வளைவில்தான் திரும்புகிறீர்கள். ஆரம் 13 மீற்றர் உள்ள ஸ்கீயை 45 பாகை சாய்த்தால் வளைவு ஏறக்குறைய 9 மீற்றராகச் சுருங்கும். 56 கிலோவுக்கு வளையாத விறைத்த ஸ்கீயைக் கொடுத்தால் அது நேரே போகப் பார்க்கும், நீங்கள் காலை முறுக்கித் திருப்புவீர்கள், வால் வழுக்கும். 'எனக்குக் கார்விங் வருகுதில்லை' என்று பலர் மனம் விடுவதற்குக் காரணம் இதுதான். பிழை காலில் இல்லை, ஸ்கீயில்.

ஆகவே டைட்டானல் தகடு இரண்டு முழு நீளத்துக்கும் போட்ட ஸ்கீ இப்போதைக்கு வேண்டாம். அந்த அலுமினியக் கலவை வேகத்தில் வரும் அதிர்வை அடக்கும், ஆனால் வளைக்க வேகமும் பலமும் கேட்கும். சிவப்பில் விளிம்பில் நின்று இறங்கப் பழகிய பிறகு யோசிக்கலாம்.

கடையில் இரண்டு ஸ்கீயையும் அடிப்பக்கம் ஒட்ட வைத்துப் பிடியுங்கள். நடுவில் இடைவெளி தெரியும். ஒரு கையால் அமத்தி மூட முடிந்தால் உங்களுக்கு ஏற்ற மென்மை. இரண்டு கையாலும் மூடவில்லை என்றால் திருப்பிக் கொடுங்கள். மூடியதும் முனைப்பக்கம் எங்கிருந்து பிரிகிறது என்றும் பாருங்கள். நுனியில் கொஞ்சம் மட்டும் பிரிந்தால் திருப்பம் தொடங்க உதவும். நீளமாகப் பிரிந்தால் இறுகிய பாதையில் பிடிக்கும் விளிம்பு குறையும்.

வாங்க முன்னம் ஓடிப் பாருங்கள். சோதனை வாடகையைப் பல கடைகள் விலையில் கழிக்கும், முதலே கேட்டு வையுங்கள். காலமை, பாதை புதிதாக இருக்கும்போது ஓடி, நின்று, வந்த தடத்தைத் திரும்பிப் பாருங்கள். இரண்டு மெல்லிய கோடு கிடந்தால் விளிம்பு வெட்டியிருக்கிறது. விசிறி மாதிரி அகலமாக வழித்திருந்தால் வால் வழுக்கியிருக்கிறது.

பைண்டிங்கில் பலர் கவனிக்காத ஒன்று: எவ்வளவு பலத்தில் பைண்டிங் கழர வேண்டும் என்பதைக் காட்டும் Z எண் உங்கள் எடைக்கு 4க்குக் கீழேயும் வரலாம். அளவுகோல் 4இல் தொடங்கும் பைண்டிங்கை அவ்வளவு தளர்த்த முடியாது; விழும்போது கழராவிட்டால் முழங்கால் போகும். 2.5 அல்லது 3இல் தொடங்குவதை எடுங்கள். எண்ணைக் கடைக்காரர்தான் எடை, உயரம், வயது, சப்பாத்தின் அடி நீளம், ஓடும் விதம் பார்த்து வைக்க வேண்டும். எடையைக் குறைத்தோ திறமையைக் கூட்டியோ சொல்லாதீர்கள். கிரிப்வாக் (நடக்கச் சுகமாக வளைத்துச் செய்த) அடியுள்ள சப்பாத்து என்றால் பைண்டிங்கிலும் அந்தப் பெயர் இருக்க வேண்டும். வருஷா வருஷம் பைண்டிங்கைக் கருவியில் சோதித்து, பி.எஃப்.யூ. (சுவிஸ் விபத்துத் தடுப்பு நிலையம்) வின்யெட் என்ற ஒட்டியை ஒட்டித் தரும் கடைக்குப் போங்கள்.

பழையது வாங்குவதென்றால் விளிம்பு இரும்பு ஒரு மில்லிமீற்றருக்குக் குறைவாகத் தேய்ந்ததையும், பக்கம் பிளந்ததையும் தொடாதீர்கள். பைண்டிங் பழைய மாடலாக இருந்தால் கடை சரிசெய்து தர மறுக்கலாம், விற்பவரிடம் காசு கொடுக்க முன்னமே அதைக் கடையில் விசாரியுங்கள்.

ஓடி முடிந்ததும் விளிம்பைத் துடைத்து, பைக்குள் ஈரத்தோடு வைக்காமல் காய விடுங்கள். ஒரு இரவில் துருப்பிடிக்கும். ஏப்ரலில் கடைசியாக மெழுகு போடும்போது அதை வழிக்காமல் விளிம்பு வரை தடிப்பாக விட்டு, அடுத்த சீசன் தொடங்கும்போது வழித்தெடுங்கள்.